டீக்கடைக் கணக்கும் டாலர் முதலீடும்: சமூகத் தொழில்முனைவை எப்படி ஆராய்கிறார்கள்?

“போன ஒரு மாசத்துல வெளியில டீ, பஜ்ஜி, வெத்தலை பாக்குன்னு எவ்வளவு செலவாச்சுக்கா?”

கல்லூரி முடித்த கையோடு சில மாதம் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். விழுப்புரம் பக்கம் ஊர் ஊராகப் போய், குழுக் கடன் வாங்கிய பெண்களிடம் இருபது பக்கக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பி வாங்க வேண்டும். மேலே சொன்ன கேள்வி வரும்போதெல்லாம் எனக்கே கூச்சமாக இருக்கும். ஓர் அக்கா சிரித்துவிட்டார். “நான் எங்க, தம்பி, டீக்கடைக்குப் போறேன்? எங்க வீட்டுக்காரரைக் கேளு. ஆனா அவரு உண்மையைச் சொல்ல மாட்டாரு.” கடனைப் பற்றி ஆராய வந்தவன் டீக்கடைச் செலவை ஏன் கேட்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. அப்போது எனக்கும் விளங்கவில்லை.

சில வருடம் கழித்து, ஹைதராபாத்தில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் பிடிபட்டது. அந்த ஆய்வுக்கு அப்புறம் வருகிறேன். முதலில், இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் இரண்டு பெயர்களைப் பார்த்துவிடலாம்: சமூகத் தொழில்முனைவு, தாக்க முதலீடு.

சமூகத் தொழில்முனைவுக்கு மதுரையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு அரவிந்த் என்ற சின்ன மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையோடு அறுவை சிகிச்சை பழகியவர். அவர் பார்த்த பிரச்சினை எளிமையானது: கண்புரையால் பார்வை போன ஏழைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சரிசெய்கிற வழியும் இருக்கிறது, நடுவில் நிற்பது செலவு. நன்கொடையை எதிர்பார்த்து உட்காராமல், செலவைக் குறைப்பதிலேயே முழு மூச்சாக இறங்கினார்கள். அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். ஒன்று முடிந்ததும் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். மருத்துவரின் நேரம்தான் அங்கே விலை உயர்ந்த பொருள். அது ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது.

காசு கட்டுகிறவர்களும் அங்கே வருகிறார்கள், கட்டாதவர்களும் வருகிறார்கள். யார் எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. காசு கட்டினால் அறை, கட்டில். இல்லையென்றால் பொது வார்டும் பாயும். கத்தி பிடிக்கிற மருத்துவர்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் 100 டாலர் அளவுக்கு ஆன காலத்தில், 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே ஒரு தொழிற்சாலை தொடங்கி, அதன் விலையை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

சமூகத் தொழில்முனைவு என்பது இதுதான். ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதே குறிக்கோள். அதை வியாபாரம்போல், தன் காலில் நிற்கும்படி நடத்துவது வழி.

ஒன்றைக் கவனியுங்கள். அரவிந்தில் பங்கு வாங்கிய முதலீட்டாளர் யாரும் கிடையாது, வருடக் கடைசியில் டிவிடெண்ட் கேட்கவும் ஆள் இல்லை. சமூகத் தொழில்முனைவும் தாக்க முதலீடும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு ஊர்க்காரர்கள், அவ்வப்போது ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

சரி, தாக்க முதலீடு என்றால் என்ன? உங்களிடம் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் பணம் திரும்பாது, அதை எதிர்பார்க்கவும் மாட்டீர்கள். ஷேரில் போட்டால் லாபம் வரலாம், அந்தக் கம்பெனி யாருக்கு நல்லது செய்தது என்று நீங்கள் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தாக்க முதலீடு. பணம் திரும்ப வர வேண்டும், முடிந்தால் லாபத்தோடு. கூடவே, முன்கூட்டியே சொன்ன ஒரு சமூக நன்மை நடக்க வேண்டும். அது நடந்ததா என்று அளந்தும் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ ஒன்று.

‘தாக்கம்’ என்ற சொல் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம் என்றே பேசிப் பழகிய காதுக்கு இது ஏதோ அடி வாங்கப் போகிற முதலீடுபோல் ஒலிக்கிறது. துறையில் இருப்பவர்கள் ‘இம்பாக்ட்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பெயருக்கே வயது குறைவுதான். 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு சந்திப்பில்தான் ‘இம்பாக்ட் இன்வெஸ்டிங்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2009இல் இதற்கென்றே ஜிஐஐஎன் என்ற உலகளாவிய அமைப்பு உருவானது. இப்படிப்பட்ட முதலீடு உலகம் முழுக்க சுமார் 1.57 லட்சம் கோடி டாலர் இருக்கும் என்று 2024இல் அந்த அமைப்பு மதிப்பிட்டது. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலும், தங்களைத் தாங்களே இந்த வகையில் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகளின் கணக்கு அது. சேருவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது.

அதனால்தான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. லாபத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நல்லது நடந்ததா என்பதை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

பத்தாயிரம் ரூபாய், ஐம்பது வாரம்

இந்தத் துறையின் செல்லப்பிள்ளை நுண்கடன். 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில், பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 27 டாலர் மதிப்பு. 1983இல் கிராமீன் வங்கி. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு. ஏழைப் பெண்ணின் கையில் சின்னக் கடன் கொடுத்தால் அவர் தொழில் தொடங்குவார், பிள்ளைகளைப் படிக்க வைப்பார், வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு வரும், வறுமை விலகும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, சாதித்த பெண்களின் கதைகள், அட்டைப்படத்தில் மாட்டோடு நிற்கும் புகைப்படங்கள். இன்னொன்று, வசூல் விகிதம். நூற்றுக்கு 98 பேர், 99 பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், பலன் இல்லாமலா கட்டுகிறார்கள் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் ஒரு பெண் டியூ சரியாகக் கட்டினார் என்பதற்கு, டியூ சரியாகக் கட்டினார் என்பது மட்டும்தான் அர்த்தம். இன்னொரு குழுவில் வாங்கிக் கட்டியிருக்கலாம். தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியிருக்கலாம். குழுவில் மற்றவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். வசூல் விகிதம் கடன் கொடுத்தவரின் நலத்தைச் சொல்கிறது. வாங்கியவரின் நலம் வேறு பக்கத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் கடன் வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டால் என்ன? அதிலும் சிக்கல். கடன் வாங்கி இட்லிக் கடை போடத் துணிகிறவர், கடன் இல்லாவிட்டாலும் ஏதாவது செய்திருப்பார். அவர் சுபாவம் அது. வாங்குவதற்கு முன், வாங்கிய பின் என்று ஒப்பிட்டால்? ஊரே வளர்கிற காலத்தில் எல்லோருடைய வருமானமும்தான் கூடும். அதில் கடனின் பங்கு எவ்வளவு?

கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்காத ஒன்றை நேரில் பார்க்க முடியாது. கிட்டத்தட்டப் பார்க்க ஒரு வழியை, மருந்துச் சோதனை செய்பவர்களிடமிருந்து பொருளாதார ஆய்வாளர்கள் கடன் வாங்கினார்கள். அதுதான் குலுக்கல் முறைச் சோதனை.

ஹைதராபாத்தில் ஸ்பந்தனா என்ற நுண்கடன் நிறுவனம் புதுக் கிளைகள் திறக்க இருந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் நிறுவனத்தோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நகரின் 104 ஏழைக் குடியிருப்புப் பகுதிகளில், குலுக்கிப் போட்டு எடுத்த 52இல் மட்டும் முதலில் கிளை. மீதி 52 பின்னால். குலுக்கலில் பிரித்ததால் இரண்டு பாதிகளும் சராசரியில் ஒரே மாதிரிதான் இருக்கும், துணிச்சல்காரர்கள் இரு பக்கமும் இருப்பார்கள், ஊர் வளர்ந்தால் இரு பக்கமும் வளரும். பின்னால் இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் தெரிந்தால் அது கிளை வந்ததால் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

கடன் எப்படி இருந்தது தெரியுமா? ஆறு முதல் பத்துப் பெண்கள் ஒரு குழு. முதல் கடன் 10,000 ரூபாய், 50 வாரத்தில் கட்ட வேண்டும், வட்டி 12 சதவீதம். கேட்க மலிவாக இருக்கிறது, இல்லையா? கணக்குப் போடுங்கள். வட்டி 1,200, மொத்தம் 11,200, வாரத்துக்கு 224 ரூபாய். ஆனால் முழுப் பத்தாயிரம் உங்கள் கையில் இருப்பது முதல் வாரம் மட்டும்தான். இருபத்தைந்தாவது வாரத்தில் பாதியைத் திருப்பியாயிற்று. வட்டியோ முழுத் தொகைக்கும் ஓடுகிறது. அதனால் உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 24 சதவீதம். நுண்கடன் பற்றி எதைப் படித்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது என் பழக்கம். கந்து வட்டியோடு ஒப்பிட்டால் இதுவும் குறைவுதான், அது வேறு விஷயம்.

கிளைகள் வந்து 15 முதல் 18 மாதம் கழித்து, 6,800க்கும் மேற்பட்ட வீடுகளில் போய்க் கேட்டார்கள். என்ன தெரிந்தது? ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் அதில் கூடுதலாக முதலீடு செய்திருந்தார்கள். லாபம் கூடியது முக்கியமாக, முன்பே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிலருக்கு. வீட்டுக்கும் தொழிலுக்கும் நாள்பட உழைக்கும் சாமான்கள் வாங்கியது கூடியிருந்தது. வெளியில் டீ குடிப்பது, வெற்றிலை, புகையிலை, சாராயம் போன்ற செலவுகள் குறைந்திருந்தன. என் டீக்கடைக் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. வாரம் 224 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், தடம் டீக்கடைப் பக்கம்தான் போகிறது.

வீட்டின் மொத்தச் செலவு கூடவில்லை, அதாவது சராசரிக் குடும்பம் வளமாகிவிடவில்லை. உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இது ஒரு ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. 2015 ஜனவரியில் ஒரே ஆய்விதழில் ஆறு நாட்டு ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன: இந்தியா, போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. எல்லாம் ஏறத்தாழ ஒரே தாளத்தில் பேசின. கொஞ்சம் நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் மாற்றம் இல்லை. பானர்ஜியும் டுஃப்லோவும், மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து, 2019இல் பொருளாதார நோபல் பெற்றது இந்த மாதிரிச் சோதனை முறைக்காகத்தான்.

இதில் மெக்சிகோ சுவாரசியம். அங்கே ஆய்வுக்கு உட்பட்ட கோம்பார்த்தமோஸ், தொண்டு நிறுவனமாகத் தொடங்கி வங்கியாக மாறி, 2007இல் பங்குச் சந்தைக்கு வந்தது. வரியோடு சேர்த்து வருட வட்டி ஏறக்குறைய 100 சதவீதம். ஏழைகளைப் பிழிந்து லாபம் பார்க்கிறார்கள் என்று யூனுஸே வெளிப்படையாகக் கண்டித்தார். ஆய்விலோ, சராசரியில் பெரிய நன்மையும் தெரியவில்லை, பெரிய கெடுதலும் தெரியவில்லை. ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போன சம்பவம் இது.

பணம் பின்வாங்கியபோது

இதற்குள் இன்னொரு பக்கம் ஆந்திராவில் வேறு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. விக்ரம் அகுலா தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்கேஎஸ் என்ற நுண்கடன் நிறுவனம், பின்னர் லாப நோக்குள்ள கம்பெனியாக மாறியது. 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் இறங்கியது. பங்கு விலை 985 ரூபாய், விண்ணப்பங்கள் பலமடங்கு குவிந்தன. தாக்க முதலீட்டுக்காரர்களுக்கு இது கனவு நனவான நாள்: ஏழைகளுக்கும் நல்லது, நமக்கும் லாபம்.

கனவு இரண்டு மாதம்தான் நீடித்தது. ஒரே வீட்டில் நாலைந்து கம்பெனிக் கடன், வசூலுக்கு வருகிறவர்களின் கெடுபிடி, தற்கொலைகள் பற்றிய செய்திகள். அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்தில் பெரும்பாலானோர் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். அதுவரை பெருமையாகச் சொல்லப்பட்ட வசூல் விகிதம் சரிந்து விழுந்தது. ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, 2011இல் இந்த நிறுவனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

நாளிதழ் வாசகருக்குக் கதை இங்கே முடிந்துவிடும். ஆராய்ச்சியாளருக்கு இங்கேதான் தொடங்குகிறது. எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் (ஹைதராபாத் ஆய்வில் பார்த்த அதே கின்னன்) ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஆந்திராவில் பணம் முடங்கிய நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடன் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. அங்கே யாரும் தவணையை நிறுத்தவில்லை, அவசரச் சட்டமும் இல்லை, ஆனால் கடன் வற்றிவிட்டது. அந்த நிறுவனங்களை அதிகம் நம்பியிருந்த மாவட்டங்களையும் நம்பியிராத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கே குலுக்கல் போட யாரும் தேவைப்படவில்லை, ஆந்திர அரசே தெரியாமல் போட்டுக்கொடுத்துவிட்டது.

கடன் வற்றிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்திருந்தது, குடும்ப வருமானமும் செலவும் இறங்கியிருந்தன. கூலி குறைந்தால் அது கடன் வாங்கியவரோடு நிற்காது. வாழ்நாளில் குழுக் கடன் பக்கமே போகாத கூலித் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் அடி.

அப்படியென்றால் ஹைதராபாத் ஆய்வு தவறா? இல்லை என்பது என் எண்ணம். கேள்வி வேறு. ஹைதராபாத்தில் ஒரு பகுதியில் கடன் கொடுத்து, பக்கத்துப் பகுதியில் கொடுக்காமல் பார்த்தார்கள். இரண்டு பகுதி ஆட்களும் அதே நகரத்தில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் யாரோ தொழிலைப் பெருக்கி நான்கு பேரை வேலைக்கு எடுத்தால், அந்தக் கூலி ஏற்றம் இரண்டு பக்கத்துக்கும் பரவும். ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. மாவட்டம் மாவட்டமாகக் கடன் பின்வாங்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சராசரி என்பதும் சில விஷயங்களை மறைக்கும். ஹைதராபாத் குடும்பங்களிடம் சுமார் ஆறு வருடம் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டபோது, கடன் வருவதற்கு முன்பே தொழில் நடத்திய குடும்பங்களின் தொழில் நன்றாகவே வளர்ந்திருந்தது. கடன் வந்த பிறகு தொழில் தொடங்கியவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை.

காசு வாங்கலாமா, சும்மா கொடுக்கலாமா?

சமூகத் தொழில்முனைவோர் அடிக்கடி சொல்லும் வாதம் ஒன்று உண்டு. நம் ஊரிலும் டீக்கடை தோறும் கேட்கலாம். “சும்மா கொடுத்தா மதிப்பு இருக்காது. கொஞ்சமாவது காசு வாங்கினாத்தான் ஒழுங்கா பயன்படுத்துவான்.” இதை நம்பித்தான் பல சமூக நிறுவனங்கள் தங்கள் பொருளுக்கு விலை வைக்கின்றன.

ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும் கென்யாவில் இதைச் சோதித்தார்கள். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு மருந்து தோய்த்த கொசுவலை. சில மருத்துவ நிலையங்களில் இலவசம், சிலவற்றில் சின்ன விலை. எதில் எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். விலையைப் பூஜ்யத்திலிருந்து 60 சென்டாக ஏற்றியதும், வாங்குகிறவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளி விழுந்தது. சரி, காசு கொடுத்தவர்களாவது வலையை ஒழுங்காகக் கட்டினார்களா? இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகம் கட்டவில்லை. 2010இல் வெளிவந்த ஆய்வு இது.

இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுங்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொசுவலையில் ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு வீட்டில் கட்டினால் பக்கத்து வீட்டுக்கும் மலேரியா குறையும், அதனால் எவ்வளவு பேர் வாங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. அரவிந்தில் கட்டுகிறவரின் காசு கட்டாதவரின் அறுவைக்கு உதவுகிறது, அது வேறு கணக்கு. எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளைவுக்குப் பணம்

ஒரு படி மேலே போய், ஆராய்ச்சியின் முடிவையே முதலீட்டாளரின் லாபமாக மாற்றினால்? 2015இல் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் அப்படியொரு சோதனை தொடங்கியது. எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு அமைப்பு பெண் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். செலவுக்கான 2,70,000 டாலரை யூபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முதலீடாகப் போட்டது. மூன்று வருடம் கழித்து, பெண் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்து, பிள்ளைகள் உண்மையிலேயே கற்றிருந்தால் மட்டும், சிஐஎஃப்எஃப் என்ற இன்னொரு அறக்கட்டளை அந்தப் பணத்தை லாபத்தோடு திருப்பித் தரும். கற்கவில்லை என்றால் போட்ட பணத்தில் நஷ்டம். கற்றார்களா என்று சொல்வது ஐடிஇன்சைட் என்ற மூன்றாம் தரப்பின் வேலை. குலுக்கலில் தேர்ந்த 166 பள்ளிகளையும், திட்டம் போகாத மற்றப் பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள்.

இரண்டாம் வருட முடிவில் கற்றல் இலக்கில் பாதியளவுதான் எட்டியிருந்தது. முதலீட்டாளருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் வருடா வருடம் முடிவு கையில் கிடைத்ததால், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, கற்பிக்கும் முறையை நடுவிலேயே மாற்றினார்கள். 2018இல் இறுதிக் கணக்கு வந்தபோது கற்றல் இலக்கில் 160 சதவீதம், சேர்க்கை இலக்கில் 116 சதவீதம். முதலீட்டாளருக்கு வருடத்துக்கு 15 சதவீத லாபம்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் ஒரு கையால். இவ்வளவு சின்ன முதலீட்டுக்கு இத்தனை அமைப்புகள், இத்தனை ஒப்பந்தம், மூன்று வருடம் வீடு வீடாக அளப்பது என்றால், அளக்கும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதோடு கற்றலைத்தான் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சேர்க்கையை அப்படி ஒப்பிடவில்லை, பட்டியலில் இருந்த பெண்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் எப்படியும் சேர்ந்திருப்பார்களா என்ற பழைய கேள்வி அங்கே நிற்கிறது. இரண்டு சதவீதங்களும் ஒரே வரியில் வருவதால் இரண்டும் ஒரே உறுதியோடு அளக்கப்பட்டவை என்று எண்ணிவிட வேண்டாம்.

நீங்களே ஆராய நினைத்தால்

எம்ஏ ஆய்வுக்கோ, வெறும் ஆர்வத்துக்கோ இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தலைப்பைச் சின்னதாக்குங்கள். ‘வளரும் நாடுகளில் தாக்க முதலீடு’ என்று தொடங்கினால் மூன்று வருடம் கழித்தும் முன்னுரையில்தான் இருப்பீர்கள். ‘எங்கள் ஒன்றியத்தில் குழுக் கடன் வாங்கிய தையல்காரர்கள் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்’ என்பது ஆறு மாத வேலை, உருப்படியான வேலை.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தோம்’ என்று இருந்தால் அது அவர்கள் செய்த வேலை. ‘இத்தனை பேரின் வருமானம் கூடியது’ என்றால் அது விளைவு. ‘எங்களால் கூடியது’ என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, யாரோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் யாரோடும் இல்லை. படத்தில் சிரிக்கும் பெண் மட்டும் இருப்பார். பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் என்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் தாக்கல் செய்த விளக்க ஆவணம் இலவசமாகக் கிடைக்கும். அதில் ‘ஆபத்துகள்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். விளம்பரத்தில் சொல்லாததையெல்லாம் வக்கீல்கள் பயந்து அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

களத்துக்குப் போனால், கடன் கூட்டம் நடக்கிற நாளில் போகாதீர்கள். வசூல்காரர் வண்டி வாசலில் நிற்கும்போது யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள். நீங்களும் அந்தக் கம்பெனி ஆள் என்றுதான் நினைப்பார்கள். சொன்ன எண்ணை உடனே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடவும் வேண்டாம்.

அந்த டீக்கடை அக்காவிடம், எத்தனை லோன் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். “ஒண்ணுதான் தம்பி” என்றார். எழுதிக்கொண்டேன். இருபது பக்கமும் முடிந்தது. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று சொம்பைக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்து, நாளைக்குக் கட்ட வேண்டியது எந்தக் கம்பெனிக்கு என்று அவரிடம் கேட்டாள். அக்கா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து வந்தார். அதிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பி, தேதி பார்த்தார். திங்கள்கிழமைக்கு ஒரு அட்டை, புதனுக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, மாதக் கடைசிக்கு ஒன்று.

என்னைப் பார்த்தார். நான் அட்டைகளைப் பார்த்தேன். “நீ கம்பெனி ஆளு இல்லதான?” என்றார். இல்லை என்றேன். “அப்ப மாத்தி எழுதிக்க.”

ஏழாம் பக்கத்தைத் திருப்பி, ‘1’ஐ அடித்துவிட்டு ‘4’ என்று எழுதினேன்.